அப்பாவின் வயிறும் மாமியின் சொதியும்

செவ்வாய்
ஹெந்தளையிலிருந்து மாமி இன்றைக்கும் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு ராகமை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அப்பாவின் மூக்கில் குழாய் இன்னும் இருக்கிறது. "வெறும் வயிறாய்க் கிடந்தா புண் எப்படித் தம்பி ஆறும்?" என்கிறார். அப்பா வீம்புக்குச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்றே நம்புகிறார்.

புதன்
டொக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அப்பாவுக்குச் செய்த சத்திரசிகிச்சையில் சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் அடிப்பகுதி எல்லாம் போய்விட்டன. இடைச்சிறுகுடலை மேலே கொண்டுவந்து, மீதிச் சதையியையும் பித்தக்கானையும் இரைப்பையையும் அதில் தைத்திருக்கிறார்கள். இந்தச் சத்திரசிகிச்சை 1935 இல் நியூயோர்க்கின் அலன் விப்பிள் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. அவர் அதை இரண்டு கட்டமாகச் செய்தார்.

தையல் சரியாக இருந்தாலும் இரைப்பை அசைய மறுக்கலாம். பசித்திருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணிக்கொரு தடவை பெரும் அலையொன்று இரைப்பையில் தொடங்கிக் குடல்வழியே ஓடி மிச்சம்மீதியைக் கூட்டித் தள்ளும். அதை எழுப்பும் மோட்டிலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் அதையொட்டிய குடலிலுமே சுரக்கிறது. குடலின் மின்னலைக்கு வேகம் வைப்பதும் முன்சிறுகுடல்தான், நிமிடத்துக்கு ஏறத்தாழ 12. அதிலிருந்து வெட்டிப் பிரித்த இடைச்சிறுகுடலில் அந்த வேகம் குறைந்துவிடும்.

வியாழன்
எரித்ரோமைசின் கொடுக்கிறார்கள். கிருமிக்கு அல்ல, மோட்டிலின் போய் உட்காரும் இடத்தில் இதுவும் உட்காருமாம். சின்ன வயதில் தொண்டை நோவுக்கு இதை விழுங்கி வயிறு புரட்டியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. 1993 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் நடத்திய சோதனையில், இம்மருந்து பெற்றவர்களிடையே இரைப்பை காலியாவதில் தாமதம் ஏற்படுவது 37 சதவீதம் குறைவாக இருந்தது.

வெள்ளி
ஸ்கேன் எடுத்தார்கள். சதையித் தையல் கசிந்தாலோ உள்ளே சீழ் கட்டினாலோ இரைப்பை படுத்துவிடும். காரணத்தைத் தேடாமல் மருந்தை மட்டும் ஏற்றிப் பயனில்லை. ஸ்கேனில் அப்படி ஒன்றுமில்லை. இந்தத் தாமதத்துக்கு 2007 இல் சர்வதேச சத்திரசிகிச்சைக் குழுவொன்று வகுத்த அளவுகோலில் 7, 14, 21 நாள் என்று படிகள் உண்டு: அந்த நாளாகியும் திட உணவு இறங்காவிட்டால் படி ஏறும். அப்பா முதல் படி. மாமியிடம் சொன்னேன். "நாள் கணக்கு வச்சா பசிக்கும்?" என்றார்.

ஞாயிறு
குழாய் போய்விட்டது. கஞ்சி, நாலு கரண்டி.

வீட்டுக்கு வந்த பின்
கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி. சதையி நொதிக் குளிசை சாப்பாட்டோடு சேர்ந்தே போகவேண்டும். சாப்பிட்டு முடித்து நெடுநேரம் கழித்து விழுங்கினால் அதற்கு வேலையில்லை. இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்று கேளுங்கள். மிதந்தால் குளிசையின் அளவு போதவில்லை என்று அர்த்தமாகலாம். கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.