ஓசையைக் காட்டும் கருவியும் திருமுறைப் பயிற்சியும்

இசை செவிக்குப் புலனாவது. பாடுவோன் தன் பாடலைத் தானே கேட்கின்றானாயினும் பிறர் கேட்குமாறு கேட்கின்றானல்லன். அவன் குரல் காற்றின் வழியே செவிக்கு வருவதோடு, தலையெலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகின்றது. சுருதி சிறிது தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்பதைப் பயிற்சியில்லாதவன் பலகாலும் உணரமாட்டான். அக்குறையை அறிவித்தற்கே ஆசிரியர் வேண்டப்படுகின்றார். ஆசிரியர் உடனில்லாப் போழ்தும் குரலின் போக்கைக் கண்ணுக்குக் கோடாக வரைந்து காட்டும் கணினி மென்பொருள்கள் இக்காலத்து வழங்குகின்றன. அவை திருமுறைப் பண்களைப் பயில்வார்க்கு எத்துணை உதவும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பது ஆராயத்தக்கதாம்.

ஓசையைக் கண்ணாற் காணும் முயற்சி புதிதன்று. வேல்சு நாட்டிற் பிறந்த பாடகியாராகிய மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் அம்மையார் 1885-இல் ஐடோபோன் என்னும் கருவியொன்றை அமைத்தார். அதன் குழாய்வாயிற் பாடினால், மேலே இழுத்துக் கட்டிய மெல்லிய தோலின்மீது பரப்பிய மணல் பல வடிவங்களாய் ஒழுங்குபடும். குரலின் ஆற்றலை அளந்தறியவே அவர் அதனைச் செய்தார். பின்னர் அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்துக் கார்ல் சீஷோர், பாடுவோன் தன் சுருதியைக் கண்ணாற் காணுமாறு டோனோஸ்கோப் என்னும் பொறியைப் பயன்படுத்தினார். 1980-களில் இங்கிலாந்தில் கிரஹாம் வெல்ச், டேவிட் ஹவர்டு என்னும் அறிஞர்கள் பள்ளிகளில் வழங்கிய சிறு கணினியிலேயே இயங்கும் சிங்காட் என்னும் மென்பொருளை ஆக்கினர். தம் குரற்கோட்டை உடனுக்குடன் கண்டு பயின்ற தொடக்கப்பள்ளிச் சிறுவர் சுருதியிற் பிழைகுறைந்து தேறினர் என்பது 1989-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது.

இத்தகைய மென்பொருள் இயங்குமாறு எளிதிற் கூறத்தக்கது. ஒலிவாங்கி பெற்ற ஒலியலையைச் சிறிது தள்ளிவைத்து அவ்வலையோடே ஒப்பிட்டு, எத்துணைக் காலத்திற்கு ஒருமுறை அது மீண்டும் ஒத்து வருகின்றதென்று கணினி காணும். அதுகொண்டு ஒரு நொடியில் நிகழும் அதிர்வின் எண்ணிக்கையை அறியும். நூறு அதிர்வுடைய ஆடவர் குரலில் இரண்டு அலைகளைக் காணவே ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு கூறு வேண்டும். அதனினும் விரைந்து காட்ட முற்பட்டால் ஒரு தாயி மேலோ கீழோ பிறழ்ந்து காட்டுதல் நேரும். பிறழாமைப் பொருட்டுப் பல அளவுகளைக் கூட்டிச் சமன்செய்தால் நுண்ணிய அசைவு மறைந்துபோம். விரைவு, திருத்தம் என்னும் இரண்டனுள் ஒன்றிற்காக மற்றொன்றைச் சிறிது விட்டுக்கொடாமல் ஆக்குவோர்க்கு இயலாது.

அடுத்து வருவது இதனினும் அரியது. கோடு எதனோடு ஒத்தால் சரியெனக் கொள்வது? அலெக்சாண்டர் எல்லிஸ் வகுத்த சென்ட் அளவில் ஒரு தாயி 1200 கூறாகும். மேனாட்டுப் பியானோ முறையில் அதனைப் பன்னிரண்டாற் சமமாகப் பகுக்க அந்தர காந்தாரம் 400-இல் நிற்கும். தம்புராவின் மந்தரத் தந்தியில் தானே எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386-இல் நிற்கின்றது. தம்புராவோடு ஒன்றிப் பாடிய மாணவனை அக்கருவி 14 கூறு தாழ்ந்தான் என்று குற்றங்கூறும். சங்கராபரணமாகப் பாடப்பெறும் பழம்பஞ்சுரத்திற்கே இந்நிலையாயின், பைரவியாகப் பாடப்பெறும் கௌசிகத்தின் நிலை என்னாம்? ஆண்டுச் சுரங்கள் அசைந்தும் வழுக்கியும் நின்றே பண்ணின் உருவைத் தருவன. நேர்க்கோட்டையே செம்மையெனக் கொண்ட கருவி அவ்வசைவைப் பிழையெனச் செந்நிறத்தாற் காட்டும். செந்நிறத்திற்கு அஞ்சிய பிள்ளை அசைவை விட்டு நேராகப் பாடக் கற்கும். சுருதி திருந்தியதுபோற் காணப்படும், பண் கெட்டுப்போம். ஓதுவார்கள் வழிவழியாக வாய்மொழியாற் காத்துவந்த செல்வம் இவ்வாறு அழியுமாயின் அது சிறிய இழவன்று.

ஆகவே திருமுறைக்கென மென்பொருள் ஆக்குவோர் முதற்கண் பாடுவோனது ஆதார சுருதியைக் கேட்டறிந்து, அதனினின்றே பிறவற்றை அளத்தல் வேண்டும். பன்னிரு படிகளை வரைந்து வைத்தலை விட்டு, தேர்ந்த ஓதுவார் பாடிய கோட்டையே எடுத்துக்காட்டாக வைத்தல் வேண்டும். ஒரே பண்ணை ஓதுவார் இருவர் சிறிது வேறுபடப் பாடுவராதலின் எடுத்துக்காட்டு ஒன்றே போதாது. பிழை குறித்தலும் குரல் நிலைத்து நிற்கும் இடங்களிலேயே ஆகுக.

அற்றேல், இத்துணைக் குறையுடைய கருவி எற்றுக்கு, அதனை ஒழித்துவிடுதலே தக்கதெனின், அற்றன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழாலேயே ஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்கள் சிறக்கின்றன என்று தருமபுரத்தில் அவர்தம் சுற்றத்தார் கூறினர். அதுகேட்டு நடுங்கிய பாணர் வேண்ட, பிள்ளையார் யாழில் அடங்காத பதிகம் பாடினார். இசைக்கலாற்றாது யாழை முறிக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, கருவியில் வருமளவு இசைக்குமாறு அருளினார். கருவி பாடலை முழுதும் கொள்ளாது என்பதும், கொள்ளாமை பற்றி அதனை முறித்தல் வேண்டாம் என்பதும் ஆகிய இரண்டும் அவ்வரலாற்றால் விளங்குகின்றன. யாழுக்கு ஒத்த நீதி இக்கருவிக்கும் ஒக்கும்.

பயன்படுத்தும் முறைமையும் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் பிழையை உடனே காட்டிக்கொண்டிருந்தால் அப்பொழுது திருத்தம் மிகும். காட்டுதல் நின்றவுடன் அது குறையும். உடற்பயிற்சிகளைப்பற்றி 1984-இல் உளநூலார் மூவர் ஆய்ந்து தொகுத்துரைத்த கருத்து இது. சித்தாந்த நூல்கள் கூறுமாறு, ஒளியுள்ள இடத்தும் உயிர் உடனின்று கண்டாலன்றிக் கண் எதனையும் காணாது. திரை காட்டியதை மாணவனது அறிவு செவியுணர்வாக ஆக்கிக்கொண்டாலன்றிக் கண்டது பயனின்றாம். ஆதலின் முதலிற் பாடும்பொழுதே கோட்டைக் காட்டுக. சில நாளின்பின் பாடி முடித்தபிறகு, மாணவன் தன் பிழையைத் தானே சொல்லியதன்மேற் காட்டுக. பின்னர்த் திரையை மூடித் தம்புராவோடு பாடச் செய்க.

சொல்லின் பொருளையோ உள்ளத்தின் உருக்கத்தையோ எக்கோடும் காட்டாது. அவை ஆசிரியராலும் அன்பாலும் வருவன. ஆயினும், சுருதி சேராது என்று சிறுவயதிலேயே விலக்கப்பட்டுக் கூட்டு வழிபாட்டில் வாய் திறவாது நிற்கும் பிள்ளைகள் பலருளர். தன் குரல் எங்கே தாழ்ந்தது, எங்கே சேர்ந்தது என்று நகையாடுவாரின்றித் தனியே இருந்து கண்டு திருந்தும் வழி அப்பிள்ளைகளுக்கு இக்கருவியாற் கிடைக்கும். அங்ஙனம் திருந்திய பிள்ளையை ஓதுவாரிடம் கொண்டுசென்று பதிகம் ஓதப் பழக்குதல் பெற்றோரின் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.