காலை 7.22

ஷ்டுட்கார்ட் நகரில், நெக்கார் ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏறும் தெரு ஒன்றில் பழைய வீடு. மாடியில் நான் குடியிருக்கிறேன், கீழே வீட்டுக்காரர். பட்டறையில் அச்சு வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவருடைய சமையலறை மேஜை வேலை மேஜையாகிவிடும். வா என்று அவர் கூப்பிட்டதில்லை. போய் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்டதும் இல்லை. என் ஜெர்மன் அரைகுறை, அவரோ யாருடனும் அதிகம் பேசாதவர். ஆகவே பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே என் வேலை.

மேஜையின் ஓரத்தில் பிளாஸ்டிக் மாடல் கார்ப் பெட்டி. பிரித்து வாரக்கணக்கில் ஆகிறது, இன்னும் ஒரு துண்டுகூட ஒட்டப்படவில்லை. பசைப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை. விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் இருப்பதெல்லாம் காகிதம்தான்: புகைப்படப் பிரதிகள், பழைய பத்திரிகை நறுக்குகள், கட்டம் போட்ட நோட்டு. பக்கத்தில் பூதக்கண்ணாடி, வெர்னியர், நன்றாகச் சீவிய பென்சில்.

அவர் செய்யப்போவது மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர்., பந்தய எண் 722. இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தை 1955 மே 1 அன்று வென்ற வண்டி. பிரெஷியாவில் கிளம்பி, ரோம் வரை போய், மறுபடி பிரெஷியாவுக்கே வந்து சேரவேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர், அத்தனையும் பொதுச் சாலைகள். ஓட்டியவர் ஸ்டிர்லிங் மாஸ். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல்.

722 என்பது நேரம். அந்தப் பந்தயத்தில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். கிளம்பும் நேரத்தையே எண்ணாக எழுதிவிடுவார்கள். காலை 6.58க்குக் கிளம்பிய, அதே அணியின் ஃபான்ஜியோ ஓட்டிய வண்டி 658. மாஸின் வண்டி 7.22க்குக் கிளம்பும் மேடையிலிருந்து இறங்கியது. வெள்ளி நிற உடம்பில் சிவப்பு எண்கள்.

பெரியவர் படங்களைப் பிரித்து அடுக்குகிறார். அரிசியில் கல் பொறுக்குவது போல, ஒவ்வொன்றையும் விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, ஒரு பக்கம் தள்ளுகிறார். முதல் அடுக்கில் அந்த நாளில் எடுத்த படங்கள். இரண்டாவது, அன்று அங்கே இருந்தவர்கள் எழுதியது. மூன்றாவது, இன்றைக்கு இருக்கும் வண்டியின் படங்கள். நான்காவது அடுக்கு மேஜையில் இல்லை, நாற்காலியில் கிடக்கிறது. மற்ற மாடல்காரர்கள் செய்ததைப் பார்த்து எடுத்த படங்கள் அவை. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் பார்த்துச் செய்ய, அதையே ஆதாரமாக வைத்து மூன்றாமவர் செய்வார் என்பது அவர் கருத்து. அந்த அடுக்கை அவர் தொடுவதே அபூர்வம்.

ஒரு படம் வெகுநேரமாக அவர் கையிலேயே இருக்கிறது. கீழே மாஸ் என்று அச்சாகியிருக்கிறது. பூதக்கண்ணாடி எண்ணைத் தேடவில்லை, இருக்கையைத் தேடுகிறது. ஓட்டுநருக்கு வலப்பக்கம் மூடியிருக்கிறது. அந்தப் பந்தயத்துக்கு வந்த நான்கு 300 எஸ்.எல்.ஆர். வண்டிகளில் மாஸும் ஹான்ஸ் ஹெர்மனும் துணையோடு போனார்கள். ஃபான்ஜியோவும் கார்ல் கிளிங்கும் தனியாக ஓட்டினார்கள். பக்கத்து இருக்கையை மூடிவிட்டுப் போனார்கள். ஆக, படத்தில் இருப்பது மாஸ் அல்ல. பெரியவர் தலைப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, படத்தை நாற்காலிக்கு அனுப்புகிறார். முகத்தில் கோபம் இல்லை. பட்டறையில் அளவு தவறிய உருப்படியை ஒதுக்கி வைத்த கை அது.

அடுத்த படத்தில் எண் தெரியவில்லை. தூசிக்கு நடுவே வண்டியின் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. முன்சக்கரத்துக்குப் பின்னால் புகைக்குழாய்கள் வெளியே வருகின்றன. ஆனால் இடப்பக்கத்தில். இந்த வண்டியில் ஓட்டுநர் இருப்பது இடப்பக்கம், புகைக்குழாய் வலப்பக்கம். பிலிமைத் திருப்பி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். அவர் எழுந்து போய், சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துவந்து படத்தின் முன் நிறுத்துகிறார். கண்ணாடிக்குள் எல்லாம் நேராகிறது. அந்தப் படம் முதல் அடுக்கிலேயே தங்கிவிட்டது, பின்பக்கம் ஒரு குறிப்போடு.

பிறகு அளவு. உண்மை வண்டியின் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை 2,370 மில்லிமீட்டர். 24இல் ஒரு பங்காகச் செய்யும்போது அது 98.75 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்த அடித்தட்டில் வெர்னியரை வைக்கிறார். ஒரு கணம் புருவம் உயர்கிறது, நோட்டில் ஓர் எண் ஏறுகிறது. எவ்வளவு வித்தியாசம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

இந்த ஒரே அளவை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படத்திலிருந்தே பிடிக்கிறார். பக்கவாட்டில் நேராக எடுத்த படமாக இருந்தால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அதே விகிதத்தில் எண்ணின் உயரத்தையும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உயரத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் எல்லாப் படமும் இதற்கு ஆகாது. வெகு அருகிலிருந்து எடுத்த படத்தில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பருத்துத் தெரியும், தள்ளி இருப்பது சிறுத்துவிடும். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்ததுதான் நம்பிக்கையானது. அப்படிப்பட்ட படங்களுக்கு அவர் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைக்கிறார். புள்ளி வைத்த படங்கள் மிகக் குறைவு.

பெட்டியில் வந்த துண்டுகளில் அகலமான தகடு ஒன்று. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் படுத்திருந்து, பிரேக் போடும்போது எழுந்து நின்று காற்றைத் தடுக்கும் பலகை. பார்க்க வெகு கம்பீரம். யாராக இருந்தாலும் அதை முதலில் ஒட்டிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். அவர் அதைச் சிமிட்டாவால் எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடுகிறார். காற்றுப் பலகை லெ மான் பந்தயத்துக்காகச் செய்தது. லெ மான் நடந்தது அந்த ஆண்டு ஜூனில், மில்லே மிலியா நடந்தது மே முதல் தேதி. 722க்கு அந்தப் பலகை கிடையாது.

இரண்டாவது அடுக்கில் மேலாக இருப்பது ஜென்கின்சனே எழுதியது; 1955 ஜூன் மாத ‘மோட்டார் ஸ்போர்ட்’ இதழில் வந்த நீண்ட கட்டுரை. வழியின் வளைவுகளையும் மேடுகளையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறித்து, சுமார் ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதி, அலுமினியப் பெட்டிக்குள் உருளைகளில் சுற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குக் கண்ணாடி போன்ற மூடி. இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் வளைவுகளைக் கைச்சைகையால் சொன்னார் ஜென்கின்சன். பெரியவர் ஒரு பித்தளைத் துணுக்கை அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். விரல் நகத்தில் பாதிகூட இல்லாத அது அந்தச் சுருள் பெட்டிதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிகிறது. வண்டியே பிறக்காதபோது, வழிகாட்டியின் பெட்டி தயாராகிவிட்டது.

மூன்றாவது அடுக்கைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. வண்டி அழியவில்லை, செய்த நிறுவனத்திடமே இன்றும் இருக்கிறது. இதே ஊர்தான். நேரில் போய் அளந்தால் முடிந்ததே, பழைய படங்களோடு இந்த மல்லுக்கட்டு எதற்கு? ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் தலை நிமிரவில்லை. “அது உயிரோடு இருக்கிறது” என்றார். அவ்வளவுதான். அதன் பொருளை நானே கூட்டிக்கொண்டேன். பின்னாளில் மாஸே பல விழாக்களில் அதை ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஓடுகிற வண்டிக்கு டயர் மாறும், குழாய் மாறும், நசுங்கியது நிமிரும், பெயின்ட் புதிதாகும். அச்சுகளின் தூரத்தை அதனிடம் கேட்கலாம். அன்றைய காலைப் பொழுதை அதனிடம் கேட்க முடியாது.

அன்றைய நாளுக்குள்ளும் ஒரே வண்டி இல்லை. பிரெஷியாவில் மேடையிலிருந்து இறங்கும்போது உடம்பு பளபளவென்று இருந்தது. பதுவா ஊரில், ஒரு நிமிடம் பிந்திக் கிளம்பிய காஸ்டெல்லொட்டியின் ஃபெராரி துரத்தி வர, மாஸின் வண்டி திருப்பத்தில் வேகம் அடங்காமல் வைக்கோல் பொதியில் போய் முட்டியது. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் முன்பக்கம் நெளிந்திருக்கிறது. ரோமில் டயர் மாற்றினார்கள். முடித்துத் திரும்பியபோது வண்டியெல்லாம் அழுக்கு, இருவர் முகத்திலும் கரி. ஜென்கின்சனின் மூக்குக்கண்ணாடிகூட வழியில் காற்றில் பறந்துபோய், மாற்றுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். நெளிந்த முன்பக்கத்தையும் துடைத்து வைத்த வெள்ளியையும் ஒரே மாடலில் சேர்த்தால், அப்படி ஒரு வண்டி எந்த நிமிடத்திலும் இருந்ததில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது ஒரே வரி: தேதி, ஊர், 7.22. மற்ற பக்கங்களெல்லாம் அந்த வரிக்குக் கட்டுப்பட்டவை. நெளிசல் வேண்டாம், அழுக்கு வேண்டாம், புது டயர் போதும் என்று அந்த வரிதான் தீர்மானிக்கிறது.

சுவர் அலமாரியில் முடித்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கு மட்டும் நிறம் இல்லை. சாம்பல் பிரைமரோடு நிற்கிறது. 1934இன் மெர்சிடிஸ் டபிள்யூ 25. அந்த ஆண்டு ஐஃபெல் பந்தயத்துக்கு முன்னால், 750 கிலோ என்ற எடை வரம்பை ஒரு கிலோ தாண்டிவிட்டதால், இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டினார்கள், உள்ளே இருந்த உலோகம் வெளிப்பட்டது, வெள்ளி அம்பு என்ற பெயர் பிறந்தது என்று அணி மேலாளர் நொய்பவர் பிற்காலத்தில் சொன்ன கதை பிரபலம். அந்தப் பந்தயத்தில் எடை வரம்பே இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் கதையை மறுக்கிறார்கள். நல்ல கதைதான், ஆனால் நல்ல கதையைப் பார்த்து அவர் பெயின்ட் அடிப்பதில்லை. தூசு தட்டி, அதே இடத்தில் வைக்கிறார்.

மாடல் வண்டி ஒன்றை யாராவது உங்களிடம் காட்டினால், எத்தனை ரிவெட் வைத்திருக்கிறார், ஆரக்கம்பி எவ்வளவு மெல்லியது என்று வியப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இது எந்த நாள், எத்தனை மணிக்கு? யோசிக்காமல் பதில் சொல்பவர் ஆராய்ந்து செய்தவர். மற்றவர்கள் செய்வது அழகாக இருக்கலாம். ஆனால் அது அலங்காரப் பொருள், அந்த வண்டி அல்ல.