தடாதகையும் கிரேக்கத்துப் பெண்களும்

ஏப்ரல் 18, 2024, வியாழன்

அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் கிரேக்க நாடகங்கள் பாடம். மொழிபெயர்ப்புகளை என் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தை, இந்தக் கதைகள்ல ஒரு பொம்பளையாவது நிம்மதியா இருந்தாளா?"

யோசித்துப் பார்த்தேன். மனிதருக்கு நெருப்புக் கிடைத்ததற்குத் தண்டனையாக, சேயுஸ் படைத்து அனுப்பியவள் பண்டோரா. அப்போலோவின் ஆசைக்கு இணங்காததால், அவள் சொல்லும் உண்மையை யாரும் நம்பாதபடி சபிக்கப்பட்டவள் கசாண்ட்ரா. கடலில் காற்று வீச வேண்டுமென்று தகப்பனே பலி கொடுக்கத் துணிந்த பெண் இபிஜினியா. இருபது வருஷம் புருஷனுக்காகக் காத்திருந்து வீட்டைக் கட்டிக் காத்த பெனலோப்பியைக்கூட, பேச்சு ஆண்களின் வேலை, நீ மாடிக்குப் போ என்கிறான் பெற்ற மகன். ஹோமரின் ஒடிசி இந்தக் காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது.

மருமகளிடம் சொன்னேன்: "சித்திரைத் திருவிழால நாளைக்கு மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். கோயிலுக்கு வா, அங்க பேசுவோம்."

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் ஓட்டுப் போட்டோம். அவளுக்கு முதல் ஓட்டு. சாயங்காலம் மீனாட்சிக்கு முடிசூட்டு.

மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டி வேள்வி செய்தார்கள். தீயிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை மூன்று தனங்களோடு வந்தது. மகனைப் போல் வளர்த்து முடிசூட்டு என்றது அசரீரி. தகப்பனும் அப்படியே வளர்த்து, எல்லாக் கலையும் கற்பித்தான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் தடாதகைப் பிராட்டி இந்த மீனாட்சிதான். இன்று கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை போட்டு, செங்கோல் கொடுத்தார்கள். ஆவணி வரை மதுரை அவள் ஆட்சி.

அம்மனின் செங்கோலைக் கையில் வாங்கிப் பிராகாரம் சுற்றி வருவது அறங்காவலர் குழுத் தலைவரின் பொறுப்பு. இந்த ஆண்டு தலைவராக இருப்பவர் கணவரை இழந்த பெண் என்பதால், அவர் வாங்கக் கூடாதென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு பெண் முடிசூடும் நாளில், இன்னொரு பெண் செங்கோலைத் தொடலாமா என்று கேட்கும் மனம் இந்த ஊரிலும் இருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த நாட்டு ராணியைப் பற்றிக் கிரேக்கர்களும் எழுதியிருக்கிறார்கள். சந்திரகுப்த மௌரியர் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் கேட்டதை அரியன் எடுத்துச் சொல்கிறார். ஹெராக்ளிசுக்கு மகன்கள் பலர், மகள் ஒருத்திதான், பெயர் பண்டேயா. அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்தது. தகப்பன் அவளுக்குத் தந்தவை 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்கள். கடல் முத்துகளைத் திரட்டியதும் அவளை அலங்கரிக்கத்தான். அது பாண்டிய நாடே என்று கருதும் அறிஞர்கள் பலர். ஆனால் அதே கதை, அவளுக்குத் தகுந்த ஆண் கிடைக்கவில்லை என்று ஏழு வயதில் தகப்பனே அவளைக் கூடினான் என்றும் சொல்கிறது. நாடாளும் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகும், அவள் உடலைத் தகப்பனின் சொத்தாகத்தான் அவர்களால் எழுத முடிந்தது.

ஏப்ரல் 20, சனி

திக்விஜயம். இந்திர விமானத்தில் மாசி வீதிகளில் அம்மன் போருக்குப் போகிறாள். எட்டுத் திக்குப் பாலகர்களையும் வென்று, கடைசியில் கயிலையில் சிவனோடு மோத நிற்கிறாள்.

கிரேக்கத்திலும் படை நடத்திய பெண்கள் உண்டு. அமேசான்கள். அவர்களின் ராணி பெந்தெசிலேயா டிராய்ப் போரில் அக்கிலிசை எதிர்த்தாள். அவன் அவளைக் கொன்றபின் முகத்தைப் பார்த்துக் காதல் கொண்டான். ஹிப்போலிட்டாவின் இடைக்கச்சைக்காகப் போன ஹெராக்ளிஸ் அவளைக் கொன்றான். ஆயுதம் எடுத்தவள் சாக வேண்டும் என்பது அங்கே கதையின் விதி. தடாதகை சாகவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். சுற்றிலும் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் விடவில்லை. "சிவனைப் பார்த்ததும் மூணாவது தனம் மறைஞ்சுது, வெட்கப்பட்டு நின்னா. இதுவும் அடக்குறதுதானே?" நியாயமான கேள்வி. புருஷன் வந்ததும் பெண்ணின் தனித்தன்மை மறைய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. கல்யாணம் அவள் ஊரில், அவள் நாட்டில். மாப்பிள்ளைதான் மதுரைக்கு வந்து சுந்தர பாண்டியன் ஆகிறார்.

அவள் தாயை மறப்பதும் இல்லை. கடலாட ஆசைப்பட்ட காஞ்சனமாலைக்காகத் தன் நாயகரிடம் கேட்டு ஏழு கடலையும் மதுரைக்கு வரவழைக்கிறாள். புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் எழுகடல் தெரு அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

கிரேக்கப் பெண் தெய்வம் ஆதீனாவும் தடாதகையைப் போலத் தாய் வயிற்றிலிருந்து வராதவள். கவசத்தோடு சேயுசின் தலையிலிருந்து வந்தவள். அவள் தாய் மெட்டிசை அதற்கு முன்பே சேயுஸ் விழுங்கிவிட்டான். இபிஜினியாவைப் பலி கொடுத்த கணவனைக் கிளைட்டெம்னெஸ்ட்ரா கொன்றாள். அவளை மகன் ஒரெஸ்டிஸ் கொன்றான். கி.மு. 458-இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் நாடகத்தில் அந்த வழக்கு ஏதென்சில் நடக்கிறது. தன்னைப் பெற்ற தாய் யாருமில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி, மகன் பக்கம் வாக்களிக்கிறாள் ஆதீனா. தாயற்ற வீராங்கனை தாய்க்கு எதிராக நின்றாள். நம்மவள் தாய்க்காகக் கடலைக் கேட்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

தேர் பார்த்துவிட்டு, சிம்மக்கல் அருகே செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகி சிலையைக் கும்பிட்டோம். அவளைப் போலவே, அண்ணனைப் புதைக்கும் உரிமைக்காக மன்னன் கிரேயோனை எதிர்த்த ஆண்டிகனியை சோபக்ளிஸ் படைத்தார். கிரேக்கத்தின் பெருமை அவள். ஆனால் மன்னன் மனம் மாறி வருவதற்குள் அவள் குகையில் உயிரை விட்டிருந்தாள். கண்ணகி அரசவையிலேயே சிலம்பை உடைத்துக் காட்டினாள். மாணிக்கப் பரல் தெறித்தது. தவறு தன்னுடையது என்று உணர்ந்த மன்னன் அங்கேயே விழுந்து இறந்தான். மதுரையின் மிகப் பெரிய கதைகள் இரண்டிலும் நீதியும் ஆட்சியும் பெண் கையில் இருக்கின்றன.

இந்தக் கதைகளைக் கொண்ட ஊரில்தான் ஒரு விதவைத் தாய் செங்கோல் வாங்கலாமா என்று வழக்கு நடந்தது. கல்யாணத்தை மட்டும் கண்குளிரப் பார்த்துவிட்டு, முடிசூட்டையும் போரையும் பாதிக் காதில் கேட்டு வளர்ந்ததன் விளைவு இது. வரும் சித்திரையில் உங்கள் பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் பட்டாபிஷேகத்துக்கும் திக்விஜயத்துக்கும் கூட்டிப் போங்கள். மீனாட்சி முதலில் அரசி, அப்புறம்தான் மணப்பெண் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.