மூட்டை பிரிக்கிற கை

தள்ளுபடியில் வாங்கினால் காசு மிச்சம் என்பார்கள். விலையை எதற்காக இறக்கினான் என்று தெரிந்து வாங்கினால் மிச்சம்தான். தெரியாமல் வாங்கினால் இரண்டு துவைப்பில் கரித்துணி. திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் கைமடி ஹெல்பராக நுழைந்து, செக்கிங் டேபிளில் நின்று, இப்போது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு வருகிற ஸ்டாக் லாட் குடோனில் மூட்டை பிரிக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏற்றுமதி ஆர்டர் பத்தாயிரம் பீஸ் என்றால் யாரும் பத்தாயிரத்தோடு கத்தரியை நிறுத்துவதில்லை. டேமேஜ் போகும் என்று நூற்றுக்கு மூன்று, ஐந்து கூட்டித்தான் கட்டிங் போடுவார்கள். டேமேஜ் குறைந்தால் அந்தக் கூடுதல் நல்ல பீஸாகவே தங்கிவிடும். கப்பல் தேதி தவறி, பையர் வேண்டாமென்ற சரக்கும் உண்டு. 2020 ஊரடங்கில் ஆர்டர் ரத்தானபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கி ஆர்டர்கள் நின்றபோதும் தேங்கிய சரக்கில் துணிமேல் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் அதே மூட்டையில் குற்றமுள்ள செகண்ட்ஸும் சேர்ந்து வரும். கலந்து கட்டுவது அவர்கள் வியாபாரம். பிரித்தெடுப்பது நம் வேலை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வயதான ஒரு கட்டிங் மாஸ்டர். மூட்டையைப் பிரித்ததும் நாங்கள் எல்லாரும் கலரைப் பார்ப்போம். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். "நூத்தம்பது இருக்கும் கண்ணு" என்பார். ரவுண்ட் கட்டரில் வெட்டிப் போட்டால் தராசும் அதையேதான் காட்டும். அந்த வட்டம் நூறு சதுர சென்டிமீட்டர். ஒன்றரை கிராம் வந்தால் 150 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம். கட்டர் எல்லாரிடமும் இருக்காது, பரவாயில்லை. எல் சைஸ் ரவுண்ட் நெக், 180 ஜி.எஸ்.எம். துணியில் தைத்தது, ஒன்று 200 கிராம் பக்கம் வரும், கிலோவுக்கு ஐந்து. கிலோவுக்கு ஏழு, எட்டு ஏறுகிறது, கடைக்காரர் அதையும் 180 என்கிறார் என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.

அடுத்தது தோள். இரண்டு தோள்பட்டையையும் பிடித்துத் தூக்கி, ஒரு உதறு உதறித் தொங்கவிட வேண்டும். சைடு தையல் அக்குளிலிருந்து நேராக இறங்கி அடிமடிப்பின் ஓரத்துக்கு வர வேண்டும். முன்பக்கம் ஏறி வந்தால் துணி முறுக்குகிறது. சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு, துணியை ஒரு பக்கமாகத் திருப்பும். ஃபினிஷிங்கில் அதைச் சரிக்கட்டாமல் விட்டால் அயர்னில் மறைத்துவிடலாம், முதல் துவைப்பில் வெளியே வந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது.

எண்ணெய்க் கறைக்கு மருந்து உண்டு. ஸ்பாட் கன்னில் அடித்தால் போகும். பிசிறு வெட்டாத பீஸ், பேட்லாக் தையல் நழுவிய அடிமடிப்பு, கோணலாக வைத்த பாக்கெட் எல்லாம் பவர்டேபிள் தையல் மெஷினில் நிமிடத்தில் சரியாகிவிடும். இப்படிப்பட்டதைத்தான் தேடி வாங்க வேண்டும். விலை செகண்ட்ஸ் விலை, உழைப்பு பத்து நிமிடம்.

கண்ணுக்குத் தெரியாத குற்றம் ஒன்று இருக்கிறது: ஊசி வெட்டு. ஊசி முனை மழுங்கிப் போயிருந்தால் கண்ணிகளுக்கு நடுவே இறங்காமல் நூலையே அறுத்துக்கொண்டு இறங்கும். தைத்த அன்றைக்குத் தையல் பளிச்சென்று இருக்கும். துவைத்துக் காய்ந்தபின் ஓவர்லாக் ஓரமாகக் குண்டூசித் துளை வரிசையாகத் திறக்கும். மாஸ்டர் இதைக் காட்டிக்கொடுத்த விதம் மறக்காது. தோள் தையலை இரண்டு கையாலும் பிடித்து, தையலுக்குக் குறுக்காக மெல்ல இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். தையலை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். "அவசரமா இழுக்காத சாமி, நீயே கிழிச்சுப்போடுவே" என்றார். அந்த மெல்ல என்பது எவ்வளவு மெல்ல என்று கைக்குப் பிடிபட எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. சிட்கோவிலேயே நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு குற்றத்துக்கும் பெயர் சொல்வார்கள், எனக்கு அது தெரியாது. பெயர் தெரிந்தவர்களுக்கும் அந்த இழுப்பு மூட்டை மேல்தான் வரும்.

ஸ்டாக் லாட் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவன் கறுப்பு போலோ லாட் ஒன்றை முடித்துவிட்டு வந்து, "அக்கா, பிக்கே துணி, கழுத்து ரிப் சூப்பர், பாதி விலை" என்றான். பிரித்துப் பார்த்தோம். துணி உண்மையிலேயே சூப்பர். முக்கால்வாசி ஸ்மால். மீடியமும் லார்ஜும் ஏற்கெனவே போய்விட்ட மூட்டை அது. சைஸ் பிரேக்கப் கேட்காமல் விலை பேசியிருக்கிறான். ரொம்ப நாள் அது குடோன் மூலையில் கிடந்தது. இப்போது அவன் வாசலில் கால் வைக்கும்போதே கேட்கிற முதல் கேள்வி சைஸ்தான்.

ஷேட் கலப்பு இன்னொரு பொறி. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, துணியை வெளிமாநிலம் வரைக்கும் அனுப்பிச் சாயம் போட்டார்கள். ஒரே ஆர்டருக்குள் இரண்டு மூன்று ஊர்ச் சாயம் கலந்த சரக்கெல்லாம் பிரித்திருக்கிறோம். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் வேறாகத் தெரியும். அதனால் பீஸை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

லேபிளில் மயங்குகிறவர்கள் அதிகம். நிஜ ஏற்றுமதி மிச்சத்தில் பெரும்பாலும் கழுத்து லேபிளை அறுத்திருப்பார்கள். பெயர் போட்டு உள்ளூரில் விற்கக் கூடாது. சைடு தையலுக்குள் இருக்கிற வாஷ் கேர் லேபிள் மட்டும் தப்பித்திருக்கும். அதில் ஸ்டைல் நம்பர் இருக்கும். கழுத்தில் பெரிய கம்பெனி பெயர் பளபளக்க, சைடில் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். நல்ல துணியாக இருந்தால் துணிக்கு உண்டான விலையைக் கொடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் ஒரே ஒரு பீஸ் வாங்கி வந்து, நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துவைத்து, துவைத்து, காயப்போட்டு, மறுபடி அளந்துவிட்டு மறுநாள் போய் மற்றதை வாங்கலாம். அதற்குள் வித்துப்போகும் என்று பயப்படுவார்கள். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கிற நேரத்திலும், தீபாவளி போனஸுக்குப் பணம் புரட்டுகிற நேரத்திலும் குடோன்கள் தானாகத் திறக்கும். இந்த ஊரில் சரக்குக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஆடித் தள்ளுபடிக்குப் பெரிய கடைக்குப் போகிறவர்களும் இதே உதறல், இதே இழுப்பைச் செய்து பார்க்கலாம். டேக்கில் அடித்துவிட்டுக் காட்டுகிற பழைய விலையைப் படிக்கவே வேண்டாம்.

குழந்தை உடுப்பில் மட்டும் நான் பேரத்துக்கு உட்காருவதில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்காக நீடில் டிடெக்டரில் விட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். அதில் கழிந்த பீஸும் எப்படியாவது லாட்டுக்குள் வந்துவிடலாம். என் டப்பாவில் ஒரு காந்தத் துண்டு எப்போதும் இருக்கும். உடுப்பைத் திருப்பிப் போட்டு, கழுத்து, கைமடிப்பு, இடுப்பு எலாஸ்டிக் என்று தையல் ஓரமாகவே நகர்த்துவேன். ஊசித் துணுக்கு ஒன்று ஒட்டினால்கூட, நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று அந்த மூட்டையில் கை வைப்பதில்லை. வாயைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்.