வெட்டுவான் கோயிலே, உனக்கு நான் பட்ட கடன்

வெட்டுவான் கோயிலே, கடல் கடந்து போய் எந்தப் பழைய கோயில் முன்னால் நின்றாலும் கூட்டத்தோடு கூட்டமாகப் படம் பிடித்துவிட்டு நகர என்னால் முடிவதில்லை. பார்க்கத் தெரிந்தவனாக நிற்கிறேன். அந்தப் பார்வை நீ கொடுத்தது. திருப்பித் தர வழியில்லாத கடன். வாய்விட்டுச் சொல்லவாவது செய்கிறேன்.

வெட்டுவான் கோயிலே, பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலையில் கூடும் மாட்டுத்தாவணிக்கு அப்பா மாடு பிடிக்க வருவார். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கும் நேரத்தில் என்னை மலைக்கு அனுப்பிவிடுவார். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி, அண்ணாமலை ரெட்டியாரைக் காவடிச் சிந்து பாடவைத்த முருகன். அவனைக் கும்பிட்டுவிட்டுப் பாறை ஏறினால் நீ. மற்ற கோயில்களை அண்ணாந்து பார்த்தே பழகியவன், உன்னைப் பாறை விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன். மலையின் சரிவை மூன்று பக்கமும் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையில் உன்னை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டுச் சிற்பிகள். கல்லை அடுக்கிக் கட்டுகிறவனுக்கு ஒன்று பிசகினால் வேறு கல் உண்டு. அவர்களுக்கு அது கிடையாது. உச்சியில் முதல் உளி விழும் முன்பே முழுக் கோயிலும் அவர்கள் மனசுக்குள் எழுந்து நின்றிருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வெட்டுவான் கோயிலே, உன் தெற்கு முகத்துத் தட்சிணாமூர்த்தியை நான் எந்த ஊரிலும் மறந்ததில்லை. மௌனமாக உபதேசிக்கும் குருவாகவே நாம் அறிந்தவர், உன்னிடத்தில் மிருதங்கம் வாசிக்கிறார். கூரைக்குக் கீழே பூதகணங்கள், மூலைகளில் நந்திகள். எல்லாமே இன்னும் விரல் வைத்துத் தடவிப் பார்க்கத் தோன்றுகிற நயம். அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்கினால் வேலை நின்றுபோயிருக்கிறது. மேலே நடனம், கீழே வெறும் பாறை. இரண்டும் ஒட்டியிருக்கும் அந்த இடத்தில்தான் சிற்பியின் கை எனக்கு மிகவும் கிட்டத்தில் தெரிகிறது. முடிந்த வேலை தன்னைச் செய்தவனை மறைத்துவிடும், நீ மறைக்கவில்லை.

வெட்டுவான் கோயிலே, உன் பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருப்பவை அந்த உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயரும் ஊரும். குரத்திகள் என்ற பெண் ஆசிரியர்களும் அதில் உண்டு. ராஜா பெயரோடு நின்றுவிடாமல், எங்கே போனாலும் சின்னப் பெயர்களைத் தேடும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது.

வெட்டுவான் கோயிலே, கம்போடியாவில் அங்கோர் வாட்டின் கோபுரங்களைக் கண்கொட்டாமல் பார்த்தேன். அது எல்லோருக்கும் வாய்ப்பதுதான். பக்கத்தில் தா கியோ என்றொரு சிவன் கோயில். கி.பி. 1000ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய மணற்கல் மலை. பெரும்பகுதியில் சிற்ப வேலையே நடக்கவில்லை. கூட வந்தவர்கள் சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். நான் அந்த மொட்டைக் கற்களிடம் நெடுநேரம் இருந்தேன். இடி விழுந்த அபசகுனத்தால் வேலை நின்றது என்று அங்கே சொல்கிறார்கள். மகன் தன்னை முந்திவிட்டானென்று தகப்பனே உளியால் கொன்றான் என்று உன்னைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். பாதியில் நின்ற கோயிலை ஜனங்கள் எங்கேயும் சும்மா விடுவதில்லை, ஒரு கதையாவது சொல்லி முடித்துவைக்கிறார்கள். எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் தரைக்குள் குடைந்து இறக்கிய தேவாலயங்களைப் படத்தில் பார்த்தபோதும் உன் விளிம்பில் நிற்கிற நினைப்புத்தான்.

வெட்டுவான் கோயிலே, உன்னைத் 'தென்னாட்டு எல்லோரா' என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் உன் காலத்ததுதான், உன்னைவிடப் பல மடங்கு பெரிதும்கூட. ஆனாலும் மானம் பார்த்த இந்தக் கரிசல் சீமையில், பருத்தியும் கம்பும் விளையும் காட்டுக்கு நடுவே நிற்கிற உனக்கு இரவல் பெயர் தேவையில்லை.

வெட்டுவான் கோயிலே, வெளிநாட்டுக் கோயில்களைப் பார்க்கக் காசு சேர்க்கும் நம் கரிசல் பிள்ளைகளிடம் உன் சார்பில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விமானம் ஏறும் முன் ஒருநாள் கோவில்பட்டியில் கழுகுமலை பஸ் ஏறுங்கள். வெயில் உறைக்கும் முன் மலைக்குப் போய்விடுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும். பாறையில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள்.