பக்கத்து இருக்கை

கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா சாலை. துணிக்கடை வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து "ஆயியே மேடம்" என்றார். பின்னால் வந்த தோழியிடம் "வாங்க தங்கச்சி, உள்ள வந்து பாருங்க" என்றார். கருத்தரங்குக்காக அங்கிருந்த ஐந்து நாளும் இதே கதைதான். சீனப் பழக்கடைக்கார அம்மாகூட எனக்கு நமஸ்தே சொன்னார், அவளுக்கு வணக்கம் சொன்னார். நான் கொஞ்சம் வெளுப்பு. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறேன். அவள் கறுப்பு; எண்ணெய் வைத்துப் பின்னிய சடை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அவள் கணக்கு வாத்தியார்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் இரவு அவள் கேட்டாள்: "நீ மட்டும் என்னப்பா? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு என்கிட்ட என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "ஜவ்வாது மலை, மலையாளி" என்று அவள் தன்னை அறிமுகம் செய்துகொண்டபோது, "அப்போ வீட்ல மலையாளம் பேசுவீங்களா?" என்று கேட்டிருந்தேன். ஜவ்வாது மலை, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பரவி வாழும் மலையாளிப் பழங்குடிகளின் தாய்மொழி தமிழ். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழிக் கதை. நானோ குறிஞ்சித் திணையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். மலையும் மலை சார்ந்த இடமும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள்.

ஊர் திரும்பிய பிறகு அவளோடு ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து அவள் கிராமத்துக்குப் போனேன். அம்மா சாமைச் சோறு போட்டார். பேச்சில் நான் கேட்டிராத ஒரு சொல் வந்ததும் என் கை தானாகப் பைக்குள் நோட்டைத் தேடியது. தோழி பார்த்தாள். கையை வெளியே எடுத்துவிட்டேன்.

அவள் தம்பி திருப்பதிக்கு முடி காணிக்கை செலுத்தப் போவதாக இருந்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம், அவளால் போக முடியாது. "அப்போ பஸ்ல அவன் பக்கத்துல யாரு உக்காருவா?" என்றார் அம்மா. நான் புரியாமல் பார்த்தேன். தோழிதான் சொன்னாள்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. காவல்துறை அதை மோதல் என்றது. செத்தவர்களில் பலர் இந்த மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பித்த ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார். அவர் தப்பித்தது எப்படியென்றால், பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளோடு வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

செய்தித்தாளில் நானும் அன்று படித்திருப்பேன். பக்கத்து இருக்கை விஷயம் என் மனதில் நிற்கவில்லை. இந்த வீட்டில் நின்றிருக்கிறது. அப்போதிருந்து தம்பி தனியாகச் சித்தூர் தாண்டியதில்லை. அம்மாவோ அக்காவோ மனைவியோ கூடப் போவார்கள். கறுப்பாக, ஒல்லியாக, தமிழ் பேசிக்கொண்டு நாலு ஆண்கள் சேர்ந்து பேருந்தில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். மஸ்ஜித் இந்தியாவில் 'தங்கச்சி' வாங்கித் தந்ததும் அதே நிறம், அதே மொழிதான். பெண்கள் துணையில்லாமல் பயணம் போகும் உரிமை பற்றி நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். இங்கே ஆணுக்கு உயிர்க்காவலாக ஒரு பெண் தன் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு அவளுக்குக் கூலி கிடையாது. அந்த வேலைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

"நான் வேணா கூடப் போகட்டுமாம்மா? எனக்கு லீவுதான்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"நீ பக்கத்துல உக்காந்தா, உன்கூட வந்தவன்னு எவன்மா நம்புவான்?"

தோழி இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.