தலைக்கோடு இல்லாத எழுத்து

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் எழுத்து வடிவமைப்புக் கலை பயில்கிறாள். தமிழ் எழுத்துகளை வரையுமாறு ஆசிரியர் பணித்தபோது, அவள் வரைந்தவையெல்லாம் கொடியில் காயும் துணிபோல் மேற்கோட்டிலிருந்து தொங்கின. இந்தி எழுதிப் பழகிய கையல்லவா! கோப்புகளில் பிழை தேடியே காலங்கழித்த நான் இதனையும் பிழை என்றேன்.

மறுநாள் அவள் என் தந்தையாரின் பழைய கடிதங்களை விரித்து, மேலே மெல்லிய தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படியெடுக்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் 'லை' யானைத் துதிக்கை போன்ற வளைவோடு நின்றது. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தால் விலக்கிய வடிவம். தந்தையார் கடைசிவரை அதனை விடவில்லை.

"இது என்ன எழுத்து, அப்பா?"

சொன்னேன்.

"முழுவதும் படியுங்கள்."

பேத்திக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தாயா என்று அவர் வினவியிருந்த வரியில் என் குரல் தடைப்பட்டது. அவள் ஒன்றும் கேளாமல் பென்சிலை எடுத்தாள். இம்முறை எழுத்துகள் அடிக்கோட்டில் கால் ஊன்றின.